சிஆர்பி 48, பயப்படலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரத்தப் பரிசோதனைத் தாளின் போட்டோதான். சிலர் வயதைக்கூட எழுதவில்லை. தாளை அனுப்பி, அடியில் "சார்?" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். வைரஸ் காய்ச்சலில் தாளைப் படிக்குமுன் எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள், ஆக்சிஜன் எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. போன முறையும் எழுதினேன். அடுத்த முறையும் எழுதுவேன் போலிருக்கிறது.

ஆத்தூர் வாசகி: அப்பாவுக்கு 68 வயது, வைரல் நிமோனியா. ஆத்தூர் லேபில் சிஆர்பி 9. இரண்டு நாள் கழித்து சேலத்தில் எடுத்தால் 90. பத்து மடங்கு ஏறிவிட்டதே?

ஏறவே இல்லை அம்மா. சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் புரதம். ஆத்தூர் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் மி.கி./டெசிலிட்டர் என்று இருக்கிறது, சேலம் தாளில் மி.கி./லிட்டர். ஒன்பதைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். அப்பா அப்படியேதான் இருக்கிறார். ஆனால் இரண்டு நாளில் இறங்கவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 90 சிறிய எண்ணும் அல்ல. மூச்சு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இனி ஒரே லேபில் எடுங்கள்.

அஸ்தம்பட்டி, வயது 72: சளிக்காய்ச்சல் வந்து போய் ஒரு மாதமாகிறது. செக்கப்பில் டி-டைமர் 620. ஸ்கேன் எடுக்கணுமா?

டி-டைமர் என்பது ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் சேரும் புரதத் துண்டு. வயதோடு அது ஏறும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வருவதையே எல்லையாக வைத்துக்கொள்வது வழக்கம். உங்களுக்கு 720. (தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகு எஃப்இயு (FEU) என்றால்தான் இந்தக் கணக்கு. டிடியு (DDU) என்றால் எண் ஏறக்குறைய பாதியாக வரும்.) ரத்தக்கட்டி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், "இல்லை" என்று உறுதி செய்துகொள்ளத்தான் இந்தப் பரிசோதனை. ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி இருந்தால் உடனே போங்கள். எதுவும் இல்லாதவர் செக்கப் என்று எடுத்தது ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

சங்ககிரி, லாரி உரிமையாளர்: காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகியும் ஃபெரிட்டின் 700. நுரையீரலுக்குள் இன்னும் வைரஸ் இருக்கிறதா?

நான்கு பக்கம் எழுதிய நீங்கள், குடிப்பழக்கம் உண்டா, ஈரலில் கொழுப்பு உண்டா என்று ஒரு வரி எழுதவில்லையே! ஃபெரிட்டின் என்பது உடம்பில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம், அழற்சியிலும் ஏறும். குடியும் ஈரல் கொழுப்பும் அதை உயர்த்தியே வைத்திருக்கும். ஈரலைப் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை, வயது 41: காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் 'ஃபீவர் பேக்கேஜ்' எடுத்தேன். சிஆர்பி 48. மருந்துக்கடையில் காட்டினேன். "நெஞ்சுல இறங்கிடும்" என்று மெத்தில்பிரட்னிசோலோன் ஐந்து நாளுக்குக் கொடுத்தார்கள். இப்போது சிஆர்பி 8. ஆனால் உடம்பு அசதி, தாகம். சுகர் உண்டு.

"சுகர் உண்டு" என்பதைக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் வந்திருக்க வேண்டியது அது.

இரண்டாம் நாள் சிஆர்பி 48 என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உடம்பில் அழற்சி தொடங்கிய ஆறேழு மணி நேரத்தில் ஈரல் அதைச் சுரக்க ஆரம்பிக்கும், இரண்டு நாளில் உச்சம் தொடும். ஃப்ளூ காய்ச்சலில் இந்த அளவு சகஜம். தாளில் அந்த எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் போட்டுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வைத்துவிடுகிறார்கள். நட்சத்திரத்தைப் பார்த்ததும் மனுஷனுக்குக் கை நடுங்குகிறது. எட்டு, பத்து பரிசோதனைகளை ஒன்றாகக் கட்டி விற்றால் ஏதாவது ஒன்றில் நட்சத்திரம் விழத்தான் செய்யும்.

சரி, ஸ்டீராய்டு. உங்களுக்குக் கடையில் கொடுத்த மெத்தில்பிரட்னிசோலோன் அந்த வகைதான். பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வின் முடிவு 2020-இல் வந்தது. கோவிட்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 6 மி.கி., அதிகபட்சம் பத்து நாள். வெண்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் வைத்திருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. கெடுதல் பக்கம்தான் முள் சாய்ந்தது. யாருக்குக் கொடுப்பது என்று அங்கே பிரித்தது ஆக்சிஜன் தேவைதான், சிஆர்பி அல்ல. அதுவும் கோவிட்டுக்கு. ஃப்ளூவுக்கு ஸ்டீராய்டு பரிந்துரைப்பதே இல்லை. ஆஸ்துமா மாதிரி வேறு காரணம் இருந்தால் கதை வேறு. உங்கள் கடிதத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்றே இல்லை. கடையிலும் யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

சிஆர்பி 8-க்கு இறங்கியதே என்பீர்கள். இறங்கும். அடுப்பை அணைக்காமல் குக்கர் விசிலைக் கழற்றி வைத்தாலும் சத்தம் நிற்கும். ஸ்டீராய்டு சிஆர்பி-யை அமுக்கிவிடும், வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகையை ஏற்றிவிடும், லிம்ஃபோசைட் என்ற வகையை இறக்கிவிடும். ஐந்தாம் நாளுக்கு மேல் நோய் முற்றுகிறதா தணிகிறதா என்று எந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டுமோ, அந்தத் தாளே கெட்டுப்போகிறது. நோயாளியை அனுப்பும்போது "ஸ்டீராய்டு கொடுத்தோம்" என்று எழுதாமல் அனுப்புகிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

2021 மறந்துவிட்டதா? அந்த மே மாதம் கறுப்புப் பூஞ்சையை, அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்தது. வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை, கூடவே ஸ்டீராய்டு. பயமுறுத்தவில்லை. ஐந்து நாள் மாத்திரைக்கு எல்லோருக்கும் அது வந்துவிடாது. ஆனால் இந்த அசதியும் தாகமும் சுகர் எகிறியதன் அடையாளமாக இருக்கலாம். இன்றே சுகர் பாருங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கன்னம் மரத்துப்போவது, ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, மூக்கிலிருந்து கறுப்பாக வருவது, கண் வீக்கம் — இதில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

மேட்டூர்: வெள்ளணு 3,200, லிம்ஃபோசைட் 18 சதவீதம். குறைவா?

சதவீதத்தை விடுங்கள், எண்ணிக்கையைப் போடுங்கள்: 3,200-இல் 18 சதவீதம், ஏறக்குறைய 580. ஆயிரத்துக்குக் கீழே என்றால் குறைவுதான். ஃப்ளூவிலும் கோவிட்டிலும் இது இறங்க இறங்க நோய் கடுமையாக இருக்க வாய்ப்பு கூடும். சிறுவயதுக்காரர் நன்றாக மூச்சுவிட்டு, சாப்பிட்டு, நடமாடினால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். முதியவர் என்றால், கூடவே நியூட்ரோஃபில் ஏறினால், பக்கத்திலேயே இருங்கள். டெங்குவிலும் வெள்ளணு இப்படி இறங்கும் என்பதால் தட்டணுவையும் (பிளேட்லெட்) பாருங்கள். எத்தனையாவது நாள்? எழுதவில்லை.

ஏற்காடு, எஸ்டேட் ஊழியர்: இரண்டு கேள்வி. வீட்டில் நன்றாக இருக்கும்போதே ஆக்சிஜன் 95 காட்டுகிறது, சேலம் இறங்கினால் 98. இங்கே எடுத்து லேபுக்குக் கொடுத்தனுப்பிய ரத்தத்தில் எல்டிஹெச் 540. மறுநாள் நேரில் போய்க் கொடுத்தால் 210. எது சரி?

இப்படித்தான் கேட்க வேண்டும்! ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆக்சிஜன் ஓரிரு புள்ளி குறைவது இயல்பு. குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் கருவி இன்னும் குறைத்துக் காட்டும், உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். நன்றாக இருக்கும் நாளின் எண்ணைக் குறித்து வையுங்கள். காய்ச்சலில் அதிலிருந்து மூன்று, நான்கு இறங்கினால் மலையிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள்.

எல்டிஹெச் என்கிற நொதி ரத்த அணுக்களுக்கு உள்ளேயே நிறைய இருக்கும் சரக்கு. ஊசி சரியாக ஏறாமல் இழுத்து எடுத்தாலும், சீரம் பிரிக்காத ரத்தம் நேரம் கடந்து, இருபது கொண்டை ஊசி வளைவில் குலுங்கி இறங்கினாலும், அணு உடைந்து வெளியே கொட்டிவிடும். பொட்டாசியமும் கூடவே ஏறும். தாளின் அடியில் பொடி எழுத்தில் 'ஹீமோலைஸ்டு' (அணு உடைந்த ரத்தம்) என்று இருக்கிறதா பாருங்கள். 210-ஐ நம்புங்கள்.

குகை: ஐஎல்-6 எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

வீட்டில் இருக்கும் நோயாளிக்கு வேண்டாம். ஐஎல்-6 என்பது அழற்சியைத் தூண்டும் ஒரு புரதம். ஈரல் சிஆர்பி-யைச் சுரப்பதே பெரும்பாலும் அது தூண்டித்தான். சிஆர்பி-யிலேயே அது தெரிந்துவிடும்.

கருமந்துறை, செவிலியர்: எங்களிடம் பெரிய லேப் இல்லை. நிமோனியாவில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை என்றால் எது?

யூரியா. நிமோனியா எவ்வளவு கடுமை என்று மதிப்பெண் போடும் கர்ப்-65 (CURB-65) கணக்கில் உள்ள ஒரே ரத்தப் பரிசோதனை அதுதான். சுமார் 40 மி.கி./டெசிலிட்டருக்கு மேல் போனால் ஒரு மதிப்பெண். மற்ற நான்கும் லேப் இல்லாமலே தெரியும்: புதிதாக வந்த மனக்குழப்பம், மூச்சு 30 அல்லது மேல், ரத்த அழுத்தத்தில் மேல் எண் 90-க்குக் குறைவு அல்லது கீழ் எண் 60 அல்லது குறைவு, வயது 65 அல்லது மேல். இரண்டு தேறினாலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தேறாவிட்டாலும் ஆக்சிஜன் குறைந்தால் அனுப்புங்கள், அந்தக் கணக்கில் ஆக்சிஜன் இல்லை. மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள் தாயே. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம்.

ஓமலூர்: புரோகால்சிடோனின் நார்மல். ஆன்டிபயாட்டிக்கை நானே நிறுத்தலாமா?

புரோகால்சிடோனின் பாக்டீரியா தொற்றில் ஏறும் புரதம். வைரஸ் மட்டும் என்றால் அது பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், உண்மை. ஆனால் நீங்களே நிறுத்தாதீர்கள். தாளைக் காட்டி, "இன்னும் வேண்டுமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

அம்மாபேட்டை: சிஆர்பி-க்கு வெறும் வயிற்றில் போகணுமா?

வேண்டாம். சாப்பிட்டுவிட்டே போங்கள்.