விழுந்ததைப் பார்த்தது யார்?

(வலிப்பு நோய் பற்றி வந்த கடிதங்களில் சில. அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் நரம்பியல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி வகுப்பு எடுக்கும் டாக்டரம்மா பதில் சொல்கிறார்.)

எம்.பி.பி.எஸ். முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வலிப்பு என்று யார் வந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுகிறேன். பயமாக இருக்கிறது. ஒருநாள் பயிற்சியில் என்னதான் கற்றுத்தர முடியும்?
– மருத்துவ அலுவலர், திருவாரூர் மாவட்டம்

பயப்படுகிற டாக்டரை எனக்குப் பிடிக்கும். பயமே இல்லாமல் சீட்டில் ‘ஃபிட்ஸ்’ என்று எழுதி, கையோடு மாத்திரையையும் ஆரம்பித்துவிடுகிறவரால்தான் தொல்லை.

ஒரு பையனைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு. பேசும்போதெல்லாம் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டான். கையை எடுக்கச் சொன்னேன். ஈறு வீங்கி, பல்லைப் பாதி மறைத்திருந்தது. மூன்று வருடமாக ஃபெனிடாயின் சாப்பிடுகிறான். சிலருக்கு அந்த மருந்து ஈறை இப்படித் தடிக்க வைக்கும். எதற்காக மாத்திரை? ‘பள்ளிக்கூடத்துல ஃபிட்ஸ் வந்துச்சு’ என்றார் அப்பா. நீங்கள் பார்த்தீர்களா? இல்லை. பார்த்தது யார்? கணக்கு வாத்தியார். அவருக்கே ஃபோன் போட்டோம். காலைப் பிரார்த்தனைக் கூட்டம், நல்ல வெயில், பையன் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறான். கண் இருட்டுகிறது என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லியிருக்கிறான். முகம் வெளுத்து, சட்டை நனைய வியர்த்து, துணி சரிவதுபோல் சரிந்திருக்கிறான். கை நாலைந்து தடவை உதறியது. ஒரு நிமிடத்துக்குள் எழுந்து தண்ணீர் கேட்டிருக்கிறான். அது வெறும் மயக்கம். மயங்கி விழுகிறவர்களுக்கும் சில நொடி கை கால் உதறும், எல்லாரும் ஏமாறுவது அங்கேதான். ஃபோனில் பேசியது மொத்தம் பதினோரு நிமிடம். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம்.

என் வகுப்பில் கற்றுத்தருவது இந்த ஃபோனைப் போடுவதற்குத்தான். காலையில் இரண்டிரண்டு பேராக உட்காரவைப்பேன். ஒருவர் தாய், மற்றவர் டாக்டர். நடந்தது எழுதிய துண்டுச் சீட்டு தாயிடம் இருக்கும். கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும். ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு), ஸ்கேன் என்ற வார்த்தைகளை டாக்டர் வாயில் எடுக்கக் கூடாது, ‘ஃபிட்ஸ்’ என்றும் எழுதக் கூடாது. விழுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தான், நின்றானா படுத்திருந்தானா, முகம் வெளுத்ததா நீலம் பாரித்ததா, கண் திறந்திருந்ததா, தலை எந்தப் பக்கம் திரும்பியது, நாக்கின் ஓரம் கடிபட்டதா, எழுந்ததும் ஆள் அடையாளம் தெரிந்ததா என்று கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும். முதல் சுற்றில் இரண்டு நிமிடத்தில் கேள்வி தீர்ந்துபோய் முழிப்பார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் பத்து நிமிடம் போதவில்லை என்று என்னிடமே சண்டைக்கு வருவார்கள்.

ஒரு கேள்வியை மட்டும் மேசைக் கண்ணாடிக்குக் கீழே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ‘காலையில் எழுந்ததும் கை திடுக்கென்று வெட்டி உதறுமா?’ பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண். தினமும் காபி டம்ளரைக் கீழே போடுகிறாள் என்று அம்மாவிடம் திட்டு. பரீட்சைக்கு விடிய விடியப் படித்த மறுநாள் பெரிய வலிப்பு. டம்ளர் விஷயத்தை எந்த டாக்டரும் கேட்கவில்லை. அதைப்போய் டாக்டரிடம் சொல்வார்களா என்று அம்மாவும் விட்டுவிட்டார். கார்பமசெபின் எழுதியிருக்கிறார்கள். வேறு சில வகை வலிப்புகளுக்கு அருமையான மருந்து. பதின்ம வயதில் தொடங்கும் இந்த மயோக்ளோனிக் வகையில், அதாவது கை கால் வெட்டி உதறும் வகையில், அது வெட்டைக் கூட்டிவிடலாம். டம்ளரோடு நின்றது சாப்பாட்டுத் தட்டுக்கும் வந்துவிட்டது.

இதெல்லாம் நம் ஊரில் மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு வலிப்பு நோய் தவறாகக் கண்டறியப்பட்ட விவகாரம் 2001 வாக்கில் வெளியே வந்து பெரிய அமளி ஆனது. அதற்குப் பிறகுதான் அந்நாட்டுக் குழந்தைகள் நரம்பியல் சங்கம் பொதுக் குழந்தை மருத்துவர்களுக்காக ஒருநாள் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. இப்போது அது இந்தியாவிலும் நடக்கிறது. ஆக, ஒருநாள் என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம்.

அப்புறம், எல்லாரையும் அனுப்பாதீர்கள். கைக்குழந்தை, காய்ச்சலோடும் தலைவலி வாந்தியோடும் வருபவர், ஒரு பக்கம் பலவீனம் உள்ளவர், இரண்டு மருந்து சரியான அளவில் கொடுத்தும் அடங்காதவர், இவர்களை அனுப்புங்கள். மற்றவர்கள் உங்கள் ஆட்கள்.

வலிப்பு வந்தவரைத் தூக்கிவரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு வருகிறார்கள். பிடுங்கினால் சண்டை. எப்படிப் புரியவைப்பது?
– கிராம சுகாதார செவிலியர், விருத்தாசலம் அருகே

பிடுங்காதீர்கள் சிஸ்டர். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நிற்கும். நிற்கும்போது கையில் சாவி இருப்பதால் பெயர் சாவிக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான். பல்லிடுக்கில் கரண்டியைச் செருகுபவரிடமும் வாயில் தண்ணீர் ஊற்றுபவரிடமும் போடுங்கள் சண்டையை. ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, மணியைப் பாருங்கள்.

மணி பார்ப்பது லேசு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வகுப்பில் கண்ணை மூடச்சொல்லி, ஒரு நிமிடம் ஆனதும் கை தூக்கச் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் நாற்பது நொடியிலேயே தூக்கிவிடுவார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இப்படி என்றால், பெற்ற பிள்ளை இழுத்துக்கொண்டு கிடக்கும்போது ‘அரை மணி நேரம் இழுத்துச்சு’ என்று தாய் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருந்து கொடுத்தாக வேண்டும். ஊசி போட நரம்பு கிடைக்காத இடத்தில் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே கைகொடுக்கும். எத்தனை அழுத்து என்பது எடையைப் பொறுத்தது. அதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வீட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். நள்ளிரவில் யாரும் பெருக்கல் கணக்குப் போட மாட்டார்கள்.

நாங்கள் பரம்பரையாகச் சைவம். என் கணவருக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு, பன்றி நாடாப்புழுவால் வந்த கட்டி என்கிறார்கள். எப்படி நம்புவது?
– வாசகி, ஆம்பூர்

நம்பலாம். சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டவருக்குக் குடலில் புழு வளரும். மூளைக்குப் போவது அந்தப் புழு அல்ல, அதன் முட்டையிலிருந்து வரும் குஞ்சு. முட்டை மலத்தோடு வெளியேறி, கழுவாத கையிலும் கீரையிலும் கொத்தமல்லியிலும் ஏறி யார் வாய்க்கும் போகும். உங்கள் வீட்டுச் சட்னி சைவம்தான், அது வந்த வழி எப்படியோ.

உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே நடந்த ஆராய்ச்சி இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வேலூர் வட்டாரத்தில் வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இதுதான். நான் படித்த காலத்தில் ஸ்கேனில் சின்ன வளையம் தெரிந்தால் காசநோய்க் கட்டி என்று சொல்லி மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுப்போம். அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுக் கட்டிகள் என்று 1980களின் கடைசியில் காட்டியதும் அதே வேலூர்க்காரர்கள்தான். ஒற்றைக் கட்டி பெரும்பாலும் கரைந்துவிடும். வலிப்பு மாத்திரையை மட்டும் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 23 வயது. வால்ப்ரோயேட் சாப்பிட்டு நான்கு வருடமாக வலிப்பு இல்லை. வரன் வருகிறது. கல்யாணத்துக்கு முன் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் மாமியார். சொல்லாமல் கட்டிவைக்கலாம் என்கிறார் கணவர்.
– ஒரு தாய், ஈரோடு

அம்மா, திடீரென்று நிறுத்தினால் முகூர்த்தத்தன்றே வலிப்பு வரலாம். தூக்கமில்லாத நாட்கள் வேறு. ஆனால் மாத்திரையை மாற்றும் பேச்சை இப்போதே எடுக்க வேண்டும். கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் நூற்றுக்குச் சுமார் பத்துக் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு, இதயம் போன்ற இடங்களில் பிறவிக் குறை வரும். தப்பியவர்களிலும் சிலருக்கு அறிவு வளர்ச்சி பின்தங்கும். பயிற்சியில் நான் டாக்டர்களிடம் குரலை உயர்த்துகிற ஒரே இடம் இது. வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் எழுதுகிறவர், பிள்ளை பெறும் திட்டம் பற்றிப் பேசிவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும். பல பெண்களுக்கு லெவெடிராசிட்டம் போன்ற மருந்துக்கு மெதுவாக மாற முடியும். ஃபோலிக் அமில மாத்திரையையும் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

சொல்லாமல் கட்டிவைப்பது பற்றி: வலிப்பைச் சாக்காக வைத்துத் திருமணத்தை ரத்து செய்யும் பிரிவை 1999இலேயே இந்து திருமணச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டம் அப்படியிருக்க, தலையணைக்கடியில் மாத்திரையை ஒளித்து வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு, தலைதீபாவளிக்கு முன் என் அறைக்கு வந்த பெண்கள் எத்தனையோ பேர். உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஊர் ஊருக்கு நரம்பியல் நிபுணர் இல்லாதபோது இந்தப் பயிற்சியெல்லாம் எதற்கு?
– மருத்துவ மாணவர், மதுரை

இல்லாததால்தான். கர்நாடகத்தில் யெலந்தூர் என்று ஒரு வட்டம். பெங்களூரு நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணியும் அவரோடு இருந்தவர்களும் அங்கே கிராமத்து நோயாளிகளுக்கு விலை மலிவான ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிடாயின் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து வருடம் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலிப்பு அடங்கியது. 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நூலகத்தில் தேடிப் படியுங்கள். தலைக்குச் சுடச்சுட வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வருகிற வலிப்பைப் பற்றி நம் நாட்டில் முதலில் விரிவாக எழுதியதும் அதே மணிதான். மைசூர்ப் பக்கம் அது அதிகம். பரீட்சையில் கேட்க மாட்டார்கள். ஓ.பி.யில் எண்ணெய்க் குளியல் கதையோடு ஒருவர் வருவார், அப்போது நினைவு வரட்டும்.

கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் ராத்திரியில் தூக்கத்தில் கத்திக்கொண்டு கை காலை அடித்துக்கொள்கிறாளாம். ஈ.ஈ.ஜி. நார்மல். ‘வலிப்பு இல்லை, மனசுதான் காரணம்’ என்கிறார் டாக்டர். யாரை நம்புவது?
– ஒரு தாய், திண்டுக்கல்

முதல் ஈ.ஈ.ஜி. நார்மலாக வருவது வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நடப்பதுதான். அந்தத் தாளை மட்டும் வைத்து இல்லை என்று சொல்ல முடியாது. உண்டு என்று சொல்வதும் தப்பு. மனஅழுத்தத்தால் வலிப்பு மாதிரி வருவதும் உண்மையான நோய்தான், நடிப்பு அல்ல. அதற்கு வேறு வைத்தியம்.

நானே இதில் சறுக்கியிருக்கிறேன். மேற்படிப்புக் காலத்தில் வார்டில் ஒரு பெண், உங்கள் மகள் வயதுதான். ராத்திரியில் அலறுவாள், சைக்கிள் மிதிப்பதுபோல் காலை அடிப்பாள், அரை நிமிடத்தில் எழுந்து தெளிவாகப் பேசுவாள். இப்படி ஒரு வலிப்பு உண்டா, நடிக்கிறாள் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். நான்காவது நாள் வார்டு ஆயா சொன்னார்: ‘அம்மா, அது நல்லாத் தூங்கிட்டிருக்கும்போதுதான் வருது. யாரும் பார்க்காத நேரம், விடியக்காலம் மூணு மணி. பார்க்க ஆளில்லாம எதுக்கும்மா நடிக்கணும்?’ மூளையின் முன்பகுதியில் தொடங்கும் வலிப்பு அப்படித்தான் இருக்கும், ஈ.ஈ.ஜி.யிலும் பல நேரம் பிடிபடாது. கேஸ் ஷீட்டில் எழுதியதை அடித்துத் திருத்தினேன். அந்த ஆயா அதற்கப்புறம் எனக்குப் பல கேஸ்களில் உதவியிருக்கிறார்.

மகளைத் தூங்கவைத்து எடுக்கும் ஈ.ஈ.ஜி.யும், முடிந்தால் வீடியோவோடு சேர்ந்ததும் எடுக்கலாம். அதற்கு முன் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் பெண்ணிடம் சொல்லுங்கள், அடுத்த தடவை விளக்கைப் போட்டு முகமும் காலும் தெரிய ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். டாக்டரிடம் போகும்போது அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் டிக்கெட் நீங்கள் எடுத்துவிடுங்கள்.