பேசினில் இறங்கும் துருக் கோடு

கேள்வி: வாடகை வீட்டுக்கு வந்து 8 மாதம் ஆகிறது. போர் தண்ணீர்தான். வாஷ்பேசினில் குழாய்க்கு நேர் கீழே பழுப்பாக ஒரு கோடு, டாய்லெட் கோப்பையிலும் அப்படியே. பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்தேன், இன்னும் கறுத்ததே தவிர போகவில்லை. ஸ்டீல் நார் போட்டுத் தேய்க்கலாமா? வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களோ என்று கவலையாக இருக்கிறது. - ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஸ்டீல் நாரைத் தொடவே தொடாதீர்கள், அம்மா. கல்யாணமான புதிதில் நான் அதைத்தான் செய்தேன். கறை போனது, கூடவே பேசினின் மெருகும் போனது. அந்த மெருகு கண்ணாடி மாதிரி. ஒருமுறை கீறல் விழுந்துவிட்டால் அந்தக் கீறலுக்குள்ளேயே துரு போய் உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு, நாரிலிருந்து உதிரும் இரும்புத் துகளும் அங்கேயே துருப்பிடிக்கும்.

உங்கள் பேசினில் இருப்பது அழுக்கு இல்லை, இரும்பு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் படிகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே கறை விழ ஆரம்பித்துவிடும். பிளீச்சிங் பவுடர் அந்த மாற்றத்தை இன்னும் வேகமாக்குகிறது. உங்களுக்குக் கறுத்துப்போனது அதனால்தான்.

துருவைக் கரைப்பது புளிப்பு. என் மாமியார் பித்தளைக் குடத்துக்குப் புளி போடுவார் இல்லையா, அதே வித்தைதான். ஆனால் புளி இங்கே போதாது. மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் கேளுங்கள், எலுமிச்சை உப்பு என்றும் சொல்வார்கள். முதலில், நீங்கள் போட்ட பிளீச்சிங் பவுடர் துளியும் மிச்சமில்லாமல் போகும்படி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். இது மிக முக்கியம். பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

அப்புறம், ஒரு டம்ளர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து, பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் கறை மேல் ஒட்டவையுங்கள். துணி காயாமல் இருக்க மேலே ஒரு பால் கவரை விரித்துவிடுங்கள். 2 மணி நேரம் கழித்து நைலான் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். டாய்லெட் கோப்பையில் தேங்கி நிற்கும் நீரை மொண்டு எடுத்துவிட்டு, இதே கரைசலை இரவில் ஊற்றி வையுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் ஆக்சாலிக் ஆசிட். அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, கால் மணி நேரம், போதும். அது விஷம். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட் வேண்டவே வேண்டாம். குழாயின் பளபளப்பையும் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் தின்றுவிடும்.

இவ்வளவும் செய்து, சொட்டுகிற குழாயை அப்படியே விட்டால் கோடு திரும்ப வரும். வாஷரை மாற்றுங்கள். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே வால்வு கசிகிறது. இந்தக் கசிவுகளைச் சரிசெய்யச் சொல்லி வீட்டுக்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள், போட்டோவும் எடுத்துவையுங்கள். தண்ணீரில் இரும்பு இருப்பது குடியிருப்பவர் செய்த தப்பு இல்லை.

கேள்வி: சமையலறை மொசைக் தரையில் சிலிண்டர் வைத்த இடத்தில் துரு வட்டம். எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா? - ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. பேசினுக்கு மருந்தாகும் புளிப்பு மொசைக்கில் இருக்கும் பளிங்குச் சில்லுகளையும் சிமெண்டையும் அரித்துவிடும். துரு வட்டம் போய் வெளுத்த வட்டம் வரும், அது கழுவினால் போகாது. மொசைக் பாலீஷ் போடுகிறவரை அழைத்து அந்த இடத்தை மட்டும் காட்டுங்கள். சிலிண்டரை இன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் டிராலியில் ஏற்றிவிடுங்கள்.