அமெரிக்காவில் கல்லூரிக் கணித ஆசிரியர்களுக்கு வட்டாரக் கிளைகள் கொண்ட தனிச் சங்கம் எப்படி வந்தது?

அதன் தொடக்கம் ஒரு பத்திரிகை. மிசௌரி மாநிலத்தில் ஆசிரியராக இருந்த பெஞ்சமின் ஃபிங்கல், கணிதம் கற்பிப்பவர்களுக்காக 1894-ல் 'அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மன்த்லி'யைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து நடத்தப் பணமும் ஆளும் வேண்டுமே! சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் ஸ்லாட், அமெரிக்கக் கணிதக் கழகம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முயன்றார். ஆராய்ச்சியே தன் வேலை என்று கருதிய கழகம் 1915-ல் மறுத்துவிட்டது. அந்த மறுப்பு நல்லதாகவே போயிற்று என்பேன். கல்லூரியில் பாடம் நடத்துபவர்களுக்கென்றே ஓர் அமைப்பு தேவை என்பது அதனால்தான் தெளிவானது.

அதே ஆண்டு டிசம்பரில், ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் 'மேத்தமேட்டிக்கல் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா' பிறந்தது. முதல் தலைவர் ஏர்ல் ஹெட்ரிக்.

சரி, கிளைகள் எதற்கு? அவ்வளவு பெரிய நாட்டில் சிறிய கல்லூரி ஆசிரியர் ஒருவர் தேசிய மாநாட்டுக்கு ரயிலேறிப் போய்வருவது சுலபமில்லை. பக்கத்து ஊரில் கூட்டம் என்றால் போய்விடலாம். இன்று மொத்தம் 29 கிளைகள். சில ஒரே மாநிலத்துக்குள் அடங்கும், சில பல மாநிலங்களைச் சேர்த்தவை. ஆண்டுக்கூட்டங்களில் இளம் ஆசிரியர்களும் மாணவர்களும்கூட மேடையேறிப் பேசுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.