வாசகர் கேள்வி – பதில்: செயற்கைப் பிசினில் தாவரத்தின் பங்கு

கேள்வி: பெட்ரோலியத்திலிருந்து தயாராகும் செயற்கைப் பிசின்களில் தாவரப் பொருள்களைச் சேர்க்கிறார்களே, இது கலப்படம் ஆகாதா? பிசினின் வலிமை குறைந்துவிடாதா?

பதில்: சேர்க்கப்படும் பொருள் பிசினோடு வேதிப்பிணைப்பில் இணைகிறதா, மரத்தூளைப் போல இடத்தை அடைக்க மட்டும் பயன்படுகிறதா என்பதைப் பார்த்தே இதற்கு விடை சொல்ல வேண்டும். 1907-இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்கலைட், பீனாலும் ஃபார்மால்டிஹைடும் வினைபுரிந்து கிடைப்பது. அவ்வகைப் பிசினில் பீனாலின் ஒரு பகுதிக்கு மாற்றாக, முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அந்த எண்ணெயைச் சூடாக்கினால் அதிலுள்ள அனகார்டிக் அமிலம் கார்பன் டை ஆக்சைடை இழந்து கார்டனாலாக மாறும். கார்டனாலும் ஒருவகைப் பீனால்தான். ஆனால் அதன் கார்பன் வளையத்தோடு 15 கார்பன் அணுக்களைக் கொண்ட நீண்ட சங்கிலி ஒன்று இணைந்திருக்கிறது. வளையம் ஃபார்மால்டிஹைடுடன் வழக்கம்போலவே பிணைந்துகொள்ள, சங்கிலியோ சாதாரணப் பீனால் பிசினுக்கு இல்லாத நெகிழ்வையும் நீரை விலக்கும் தன்மையையும் தருகிறது. வாகனங்களின் பிரேக் லைனிங்கில் இந்தப் பிசினைத் தூளாக்கிச் சேர்ப்பது, அது விறைத்து நொறுங்காமலும் கிறீச்சிடாமலும் இருப்பதற்காகத்தான். இதைக் கலப்படம் என்பது நியாயமன்று.

எல்லாத் தாவரப் பொருள்களும் இவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. மரத்துக்கு உறுதி தருவதும் மரக்கூழ் ஆலைகளில் பெருமளவில் மிஞ்சுவதுமான லிக்னினிலும் பீனால் வளையங்கள் உண்டு என்றாலும், ஃபார்மால்டிஹைடு வந்து சேர வேண்டிய இடங்களில் பல ஏற்கெனவே மெத்தாக்சி எனும் அணுத் தொகுதிகளாலும் பிற பிணைப்புகளாலும் அடைபட்டிருக்கின்றன. ஆகவே அதைப் பீனாலுடனோ ஃபார்மால்டிஹைடுடனோ முன்கூட்டியே வினைப்படுத்திய பிறகு பிளைவுட் பசையில் சேர்ப்பதே நல்லது. மரத்துக்கு மரம், ஆலைக்கு ஆலை லிக்னினின் தன்மை மாறுவது இன்னொரு தொல்லை. எபாக்சி என்பது இன்னொரு வகைச் செயற்கைப் பிசின். ஆக்சிஜன் சேர்த்து எபாக்சியாக்கிய சோயா எண்ணெயை அதில் அளவோடு கலந்தால் நொறுங்கும் குணம் குறையும். அளவு மிஞ்சினாலோ குறைந்த வெப்பத்திலேயே பிசின் இளகத் தொடங்கும். உங்கள் அச்சம் உண்மையாவது அங்கேதான்.

கேள்வி: அப்படியானால் இந்தப் பிசின்கள் மண்ணில் மக்கிவிடுமா?

பதில்: மக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கோக்கும் குறுக்குப்பிணைப்புகளால் இறுகிவிட்ட பிசின், அதன் கார்பன் செடியிலிருந்து வந்ததா எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்து மக்குவதில்லை. பெட்ரோலியத்தின் தேவை குறைகிறது என்பதே இங்கு உண்மையான பயன். அந்தப் பயன் எவ்வளவு என்பதை அளக்கவும் முடியும். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த பெட்ரோலியத்தில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் முற்றிலும் சிதைந்துபோயிருக்கும். அண்மையில் விளைந்த தாவரத்திலோ அது இருக்கும். ஆகவே அதன் அளவே பிசினில் தாவரத்தின் பங்கைக் காட்டிவிடும். ‘தாவர அடிப்படையிலானது’ என்று சொல்லி விற்கப்படும் பிசினை வாங்குவோர், கார்பன்-14 சோதனை அறிக்கையைக் கேட்டுப் பெறுவது நல்லது.