நவம்பர் மழைக்கு ஹேமக் மேலே என்ன கட்டுவது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் தெரிந்தவர் ஒருவருடைய தோப்பில் நவம்பர் மாதம் இரண்டு ராத்திரி தங்கலாம் என்று நானும் மச்சானும் முடிவு செய்திருக்கிறோம். இரண்டு மரங்களுக்கிடையே கட்டித் தூங்கும் துணித் தொங்குபடுக்கை, அதாவது ஹேமக், ஆளுக்கொரு 11 அடியில் வாங்கியாயிற்று. மழைக்கு மேலே என்ன கட்டுவது? ஆன்லைனில் 10-க்கு 10 அடி டார்ப் ஒன்று பார்த்தேன், 3000 மில்லிமீட்டர் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறது. அது போதுமா, இல்லை இங்கே கடையில் விற்கும் சில்பாலின் தார்ப்பாயே போதுமா? இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றே வாங்கினால் ஆகாதா?"

முதலில் அந்த 3000-ஐ மறந்துவிடுங்கள். துணியின் மேல் அத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்பதுதான் அந்த எண். சரிவாக இழுத்துக் கட்டிய துணியில் தண்ணீர் நிற்பதே இல்லை. டென்ட்டின் தரைத்துணி என்றால் நாம் முழங்காலை ஊன்றி அழுத்துவோம், அங்கே அந்த எண்ணுக்கு வேலை உண்டு. தலைக்கு மேலே இருப்பதற்கு 1500 தாராளம். ஹேமக்கில் படுத்து நனைந்தவர்களில் துணி கசிந்து நனைந்தவர்கள் அபூர்வம். தலைமாட்டில் அடித்த சாரல், பக்கவாட்டில் காற்று கொண்டுவந்த தூவானம், கயிறு வழியாக இறங்கிய தண்ணீர், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். துணியின் அளவும் கட்டும் விதமும் சரியாக இருந்தால் மூன்றுமே வராது.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதும் முக்கியம். நம் பழைய வட ஆற்காட்டுப் பகுதிக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வதும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சளைத்ததல்ல. ஆனால் குணம் வேறு. ஆகஸ்ட் மழை பெரும்பாலும் சாயங்காலம் இடியோடு வந்து, கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். சின்ன டார்ப்பை வைத்துக்கொண்டு அதைச் சமாளித்துவிடலாம். நவம்பரில் வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் ராத்திரி முழுக்க விடாமல் பெய்யும், வாடைக்காற்றும் கூடவே வரும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டு ஓடியதைக் குடியாத்தத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் போவது நவம்பர் என்பதால், மேலிருந்து கொட்டுவதைவிடப் பக்கத்திலிருந்து அடிப்பதை மனதில் வைத்து வாங்குங்கள்.

நீளத்தைப் பார்ப்போம். 11 அடி ஹேமக்கைச் சரியான தொய்வோடு, அதாவது ஹேமக்கை மரத்தோடு கட்டும் நாடாப் பட்டைகள் சுமார் 30 டிகிரி சாய்வில் இருக்கும்படி கட்டினால், ஒரு முனைக்கும் மறு முனைக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 9 அடி வரும். நீங்கள் பார்த்த 10 அடி டார்ப்பை மேலே நேராகக் கட்டினால் இரண்டு பக்கமும் அரையடிதான் மிச்சம். காற்றில்லாத மழைக்கு அது போதும். வாடை அடித்தால் அரையடி மறைப்பு எந்த மூலைக்கு? தலையணைப் பக்கம் முதலில் ஈரமாகும். 12 அடி என்றால் பக்கத்துக்கு ஒன்றரை அடி கிடைக்கும். நவம்பருக்கு நான் சொல்வது அதுதான்.

சதுர டார்ப்பை மூலைவாட்டில் கட்டினால் நீளம் 14 அடி வருமே என்று விற்பவர் சொல்வார். வருவது உண்மை. ஆனால் அந்த வடிவம் நடுவில் அகலமாக இருந்து முனைகளை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். நடுவிலிருந்து நாலரை அடி தள்ளி, ஹேமக்கின் முனை இருக்கும் இடத்தில், நடுவே கூரை முகடு போல ஓடும் உச்சிக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு இரண்டரை அடித் துணிதான் தொங்கும். ஆகஸ்ட் சாயங்காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு. லேசானது, நான்கு முடிச்சில் வேலை முடிந்துவிடும். உங்கள் பயணத்துக்கு வேண்டாம்.

அகலத்தில்தான் பலரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். டார்ப்பின் உச்சிக்கோடு தரையிலிருந்து 5 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 அடி அகலத் துணியில் பக்கத்துக்கு 5 அடி. அதை 60 டிகிரி சரிவில் இறக்கிக் கட்டினால் கீழ் விளிம்பு தரைக்கு முக்கால் அடி மேலே வந்து நிற்கும். ஹேமக்கின் அடிப்பாகம் ஒன்றரை அடி உயரத்தில் தொங்குகிறது, ஆகவே காற்று எவ்வளவு சாய்த்து அடித்தாலும் நீங்கள் மறைவில்தான் இருப்பீர்கள். 8 அடி அகலத் துணியை இதேபோலக் கட்டினால் விளிம்பு சரியாக அந்த ஒன்றரை அடியிலேயே நின்றுவிடும். சாரலுக்கு அந்த இடைவெளி போதும், முதுகுப் பக்கம் நனைந்துவிடும். மழை இல்லாத நேரத்தில் ஒரு பக்கத்தை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு டீ போடலாம், மழை வந்ததும் இறக்கிவிடலாம். அகலமான டார்ப்பில் இந்த வசதியும் உண்டு. ஆக, 12-க்கு 10. இரண்டு முனைகளிலும் கதவு மாதிரி மடக்கி மூடும் மடிப்பு இருந்தால் இன்னும் நல்லது. புயல் கரையைக் கடக்கும் இரவில் காற்று திசை மாறும், அப்போது அந்த மடிப்பின் அருமை தெரியும்.

இனி சில்பாலின். இதில் எனக்கு எந்த இளக்காரமும் இல்லை. சாமை காய வைக்கவும் நெல் மூட்டையை மூடவும் விவசாயிகள் நம்பும் பொருள், மழை புகாது. சிக்கல் எடைதான். 12-க்கு 10 அடி என்பது சுமார் 11 சதுர மீட்டர். 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 90 கிராம்) சீட் என்றால் ஒரு கிலோ, 200 ஜிஎஸ்எம் என்றால் இரண்டே கால் கிலோ வரும். தோப்பு வரை வண்டி போகும் என்றால் எடையைப் பற்றிக் கவலைப்படாமல் இதையே வாங்கிவிடலாம். 120 ஜிஎஸ்எம் போதுமானது, அதற்கு மேல் வேண்டாம். இன்னொரு குறை, ஓரத்தில் இருக்கும் ஐலெட் வளையங்கள் காற்றில் பிய்ந்துகொண்டு வரும். அதை நம்பாமல், மூலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு கூழாங்கல்லைத் துணிக்குள் பொதிந்து, கழுத்தில் கயிற்றைச் சுற்றி இறுக்குங்கள். கல் நழுவாது, துணியும் கிழியாது. படபடவென்று சத்தம் போடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தூக்கம் லேசானவர்களுக்குக் கஷ்டம்.

முதுகில் சுமந்து நடப்பதாக இருந்தால் சிலிக்கான் பூசிய பாலியஸ்டர் துணி எடுங்கள். சிலிக்கான் நைலானும் கிடைக்கிறது, உறுதியும் அதிகம். ஆனால் நைலான் ஈரம் பட்டதும் நீளும். சாயங்காலம் விறைப்பாகக் கட்டியது நடு ராத்திரியில் தொய்ந்து, தொய்வில் தண்ணீர் தேங்கி, எழுந்துபோய் இழுத்துக் கட்ட வேண்டிவரும். ஓரக் கயிறுகளில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு துண்டு சேர்த்துவிட்டால் அது தானாகவே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

அப்புறம் அந்தக் கயிற்று வழித் தண்ணீர். இதைப் புதிதாக வருபவர்கள் யோசிப்பதே இல்லை. மழையில் மரத்தின் தண்டு வழியாக ஓடிவரும் தண்ணீர், நீங்கள் சுற்றிய பட்டையைத் தொட்டதும் அதில் ஏறி, சரிவைப் பிடித்து நேராக ஹேமக் துணிக்கு வந்துவிடும். மேலே எவ்வளவு பெரிய டார்ப் இருந்தாலும் இதைத் தடுக்காது. டார்ப்பின் விளிம்புக்கு உள்ளே, ஹேமக் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், பட்டையில் ஒரு பருத்தி நூலையோ பழைய ஷூ லேஸையோ முடிந்து, அரையடி கீழே தொங்கவிடுங்கள். தண்ணீர் அந்த நூலில் இறங்கிச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். இரண்டு முனையிலும் கட்ட வேண்டும். உச்சிக்கோட்டுக் கயிற்றை டார்ப்புக்கு அடியில் முழு நீளம் ஓட விட்டிருந்தால் அதன் இரு முனைகளிலும் இதே நூல் வேண்டும்.

கட்டும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது, வடமேற்கு–தென்கிழக்காக நிற்கும் இரண்டு மரங்கள். வாடை வடகிழக்கிலிருந்து வருவதால், அப்படிக் கட்டினால் டார்ப்பின் அகலமான பக்கம் காற்றைத் தாங்கும், திறந்த முனைக்குள் நேராக அடிக்காது. மரங்களுக்கிடையே 14, 15 அடியாவது இருக்கட்டும். குறைந்தால் 12 அடித் துணியை விறைப்பாக இழுக்க இடமிருக்காது. தலையை நிமிர்த்திக் காய்ந்த கிளை இருக்கிறதா என்றும் பாருங்கள். புளிய மரம் நல்லது. தைலமரம் சொல்லிக்கொள்ளாமல் கிளையை உதிர்க்கும். தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். மலையில் கல் தரை என்பதால் முளை இறங்காது. பெரிய கல்லில் கயிற்றைச் சுற்றி, லாரிக்காரர்கள் சரக்கின் மேல் தார்ப்பாய் கட்டும்போது போடும் இழுமுடிச்சைப் போடுங்கள். இடி மின்னல் நெருங்கினால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, இறங்கிப் போய்த் தோப்புக்காரர் வீட்டிலோ காரிலோ உட்காருங்கள்.

தோப்பு பட்டா நிலம்தானா என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலையில் வேலி தாண்டினால் காப்புக்காடு தொடங்கும் இடங்கள் நிறைய. சந்தன மரக் கடத்தலைப் பார்த்துப் பார்த்துச் சலித்த வனத்துறை அது. அனுமதியில்லாமல் உள்ளே கயிறு கட்டித் தூங்குபவரிடம் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே டார்ப் விஷயம்: 10 அடி அகலத்தை 45 டிகிரியில் விரித்தால் உள்ளே கிடைப்பது 7 அடி. இரண்டு ஹேமக்கையும் பக்கம் பக்கமாகக் கட்டலாம், ஆனால் ஒருவர் புரண்டால் மற்றவர் ஆடுவார். விளிம்பு ஒன்றரை அடி உயரத்தில் நிற்பதால் வடகிழக்குப் பக்கம் படுத்தவர் நனைவார். அது நீங்களா மச்சானா என்று அங்கே போய்ச் சண்டை போடுவதற்கு, சில்பாலினிலேயே ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள்.