பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின்: சில கேள்விகள், சில எச்சரிக்கைகள்

எனக்கு 20 மி.கி. கேப்ஸ்யூல் நன்றாகக் கேட்கிறது. ஹாஸ்டல் தோழி பத்து கேட்கிறாள். கொடுக்கலாமா?

ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். கரு உருவாகும் சமயத்தில் இது உடம்பில் இருந்தால் குழந்தையின் மூளை, இதயம், காது, முகம் எல்லாமே பாதிக்கப்படலாம், கருச்சிதைவும் ஆகலாம். கொஞ்சம்தானே, சில நாள்தானே என்று தப்பிக்க வழியில்லை. அமெரிக்காவில் 1982-இல் இது விற்பனைக்கு வந்தது. அக்யூடேன் என்ற பெயரில் விற்ற இதன் அட்டையில் கர்ப்பிணி உருவத்தின் குறுக்கே கோடு போட்டே எச்சரித்தார்கள். அப்படியும் கர்ப்பங்கள் நிற்காததால், 2006-இல் மருத்துவர், மருந்துக்கடை, நோயாளி எல்லோரும் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டதிட்டம் வந்தது.

கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண் என்றால், தொடங்கும் முன்பும் மாதாமாதமும் கர்ப்பப் பரிசோதனை அவசியம். மருந்தைத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கருத்தடையை ஆரம்பித்து, மருந்தை நிறுத்திய பின் ஒரு மாதம் வரை தொடர வேண்டும். நாள் தள்ளிப்போனால் அடுத்த கேப்ஸ்யூலைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அதே ஒரு மாதக் கணக்கு ரத்ததானத்துக்கும் உண்டு, ஆண்களுக்கும் சேர்த்து. உங்கள் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம்.

சளிக்கு டாக்சிசைக்ளின் எழுதியிருக்கிறார்கள். சேர்த்துப் போடலாமா?

கூடாது. டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்குகள் இரண்டுமே இதோடு சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறலாம். படுத்தால் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிவது: இவை வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வைட்டமின் ஏ மாத்திரையும் வேண்டாம். இதுவே அந்த வகை மருந்துதான்.

ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பில் ஒரு வகை) 340 வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

150-க்குள் இருக்க வேண்டியது. 340 பயப்படும் அளவல்ல, ஆனால் விட்டுவிடும் அளவுமல்ல. வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். மது, இனிப்பை நிறுத்துங்கள். மருந்தின் அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். 800-ஐ நெருங்கினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பாய்ந்தால் காத்திருக்க வேண்டாம். கொழுப்புக்குப் பயந்து கேப்ஸ்யூலை வெறும் வயிற்றில் போடாதீர்கள், மருந்து சரியாக உடம்பில் சேராது. சாப்பாட்டோடுதான் போட வேண்டும்.

மகனுக்கு 18 வயசு. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து யாரோடும் பேச மாட்டேங்கிறான், தூங்குவதுமில்லை.

மருந்துதான் காரணமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பருவே மனதை அழுத்தும். ஆனால் அந்த விவாதம் முடியும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை அம்மா. மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் மருந்தை நிறுத்தி, அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

உதடு வெடித்து ரத்தம் வருகிறது.

ஏறக்குறைய எல்லோருக்கும் காய்வதுதான். வாஸ்லினைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையின்போதும், முடிந்து ஆறு மாதம் வரையும் வேக்ஸிங் வேண்டாம், தோல் உரிந்து வந்துவிடும். இரவில் கண் மங்கலாகத் தெரிந்தால் வண்டி ஓட்டாதீர்கள்.