கஞ்சாவைக் கைவிட வழி இருக்கிறது. முன்பணத்தை விடத்தான் வழி தேட வேண்டும்

கேள்வி: கேரளத்தில் வட்டவடை பக்கம் கோட்டக்கம்பூரில் எனக்கு ஒன்றேகால் ஏக்கர் இருக்கிறது. பாதியை மச்சான் பார்த்துக்கொள்கிறார். பூண்டுக்கு நடுவே 30 கஞ்சாச் செடி வைத்திருக்கிறார். விடச் சொன்னால், “யாவாரிகிட்ட 40,000 வாங்கிட்டேன்” என்கிறார். விவசாயத் துறை அலுவலகமான கிருஷி பவனுக்குப் போனால் மாட்டிக்கொள்வோமா? மாற்றாக என்ன போடலாம்? ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சா ரகம்) வளர்க்க லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 25,000 கேட்கிறார், அது நிஜமா?

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள், நிலம் யார் பெயரில்? உங்கள் பெயரில் என்றால் சிக்கல் மச்சானோடு நிற்காது. 1985 போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வளர்த்தவருக்கு 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். தன் நிலத்தில் செடி நிற்பது தெரிந்தும் சொல்லாத நிலக்காரருக்கும் தண்டனை உண்டு. “ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் ஜாமீன்” என்று டீக்கடையில் சொல்வார்கள். அந்தக் கணக்கு சரக்கை வைத்திருப்பவனுக்கு. வளர்ப்பதில் சின்ன அளவு, பெரிய அளவு என்று பிரிக்கவே இல்லை. ஆகவே தாலுகா இலவச சட்ட உதவிக் குழுவில் ஒரு வக்கீலைப் பாருங்கள், அவர் வழியாகவே மற்றதைச் செய்யுங்கள். நீங்களாகப் பிடுங்கிவிட்டுக் கமுக்கமாக இருந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். செடி போனது தெரிந்தால் முதல் மொட்டைக் கடிதம் யாவாரி கையெழுத்தில்தான் வரும்.

கிருஷி பவன் போலீஸ் ஸ்டேஷன் இல்லை. கரம் (நில வரி) ரசீது, ஆதார், பாஸ்புக் கேட்பார்கள். ஆனால் செடி நிற்பது தெரியவந்தால் தகவல் சொல்ல வேண்டியது எந்த அரசு அதிகாரிக்கும் சட்டப்படி கடமை. அதனால் வக்கீலைப் பார்த்த பிறகு போங்கள்.

இனி முன்பணம். கம்பக்கல், கடவரி மேடுகளில் கஞ்சா நின்ற காலத்தைப் பார்த்தவன் நான். எக்சைஸ்காரர்கள் வெட்டி எரிப்பார்கள், அடுத்த மழைக்கு மறுபடி நிற்கும். மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. அரிசிக்குக் காசில்லாத மாதத்தில் பணம் நீட்ட ஓர் ஆள் வந்தான். இன்று பூண்டுக்கும் அதே வழக்கம்தான். விதைப்பூண்டு, உரம் எல்லாம் கடன். விளைந்ததை அவனுக்கே போட வேண்டும், விலையும் அவன் சொல்வதுதான். ஒரு சீட்டை என்னிடம் காட்டினார்கள். 60 கிலோ மூட்டையில் மண்ணுக்கு 2 கிலோ, சாக்குக்கு 1 கிலோ, ‘ஈரம்’ என்று இன்னொரு 2 கிலோ கழித்திருந்தது. அந்தப் பூண்டு மூன்று மாதம் அடுப்புப் புகையில் தொங்கி, உரித்தால் தோல் சருகாய் நொறுங்கியது. அதில் ஈரமாம்! இதில் வெற்றுத் தாளில் கையெழுத்து வேறு. மச்சான் போட்டிருந்தால் வக்கீலிடம் அதையும் சொல்லுங்கள்.

எங்கள் விவசாயத் துறைக்கோ மாற்றுப் பயிர் என்றால் கன்று கொடுத்து போட்டோ எடுப்பது. காப்பி காய்க்க மூன்று, நாலு வருஷம் ஆகும். அதுவரை உலையில் எதைப் போடுவது? ஆந்திரத்தில் பாடேரு, சிந்தப்பள்ளி மலைகளில் 2021-ல் ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாவை அழித்தபோதும் இதே கேள்விதான் வந்தது.

அந்த லைசென்ஸ் ஆளைத் திருப்பி அனுப்புங்கள். நாருக்கும் விதைக்கும் ஹெம்ப் வளர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு என்பது உண்மை. உத்தரகாண்டில் 2018 முதல் அனுமதி தருகிறார்கள். ஆனால் அது போதைச் சத்து 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத தனி ரகம். அனுமதி தர வேண்டியது அரசு, தரகன் அல்ல. உங்கள் மச்சான் வைத்திருப்பது அந்த ரகமும் அல்ல. ஒருவன் நாளைக்கே நிஜமான ஹெம்ப் விதை கொண்டுவந்து கொடுத்தாலும், அரசு அனுமதி இல்லாமல் விதைத்தால் அது கஞ்சா கேஸ்தான். 25,000 கட்டியவன் கையில் மிஞ்சுவது ஒரு லேமினேட் செய்த அட்டை.

சரி, பயிர். பாதியில் பீன்ஸ் போடுங்கள், இரண்டு மாதத்தில் கையில் காசு வரும். மீதியில் பூண்டு. அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஸ்ட்ராபெரி இரண்டே நாளில் அழுகும். ரோட்டோரம் கடை இருந்தால் மட்டும் தொடுங்கள். பூண்டும் பீன்ஸும் 2020 நவம்பர் 1 முதல் கேரளம் (சந்தை விலை சரிந்தால்) அடிப்படை விலை தரும் 16 பயிர்களில் சேர்ந்தவை. முன்பே பதிந்திருக்க வேண்டும். பணம் வருவதில் தாமதம் உண்டு, அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடனுக்கு, நில ஆவணம் சரியாக இருந்தால் வங்கியில் கிசான் கடன் கார்டு. தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். பட்டா இழுபறி என்றால் (கோட்டக்கம்பூர் 58-ம் நில பிளாக்கில் 2006 குறிஞ்சிமலை சரணாலய அறிவிப்பிலிருந்து இழுத்த கதை ஊருக்கே தெரியும்) வீட்டுப் பெண்களைக் குடும்பஸ்ரீ (கேரளத்தின் மகளிர் சுய உதவி அமைப்பு) விவசாயக் குழுவில் சேர்த்துவிடுங்கள். அதில் வரும் முதல் பணத்தில் விதைப்பூண்டை ரொக்கத்துக்கு வாங்குங்கள். அந்த யாவாரியிடம் மட்டும் வாங்காதீர்கள்.